நான் காப்பாற்றிய சத்தியம்

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் முன்னால் ஈரத் துணியோடு நின்று, இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவன் நான். அதை இன்றுவரை மீறவில்லை. ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் இங்கே ஒப்புக்கொள்ளப் போகிற தப்பு, குடித்த காலத்தில் செய்தது கிடையாது. குடியை விட்ட பிறகு, விட்டுவிட்டேன் என்ற திமிரில் செய்தது.

எங்கள் கிராமம் புத்தலப்பட்டு மண்டலத்தில் இருக்கிறது. சித்தூரிலிருந்து வரும் சாலை கடப்பாவுக்கு ஒன்று, திருப்பதிக்கு ஒன்று என்று பிரிகிற இடம் புத்தலப்பட்டு. மாந்தோப்பும் நிலக்கடலையும் கரும்பும்தான் பிழைப்பு. வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. காணிப்பாக்கம் பக்கத்து ஐராலா மண்டலம். சட்டமன்றத் தொகுதிக்கு எங்கள் மண்டலத்தின் பெயர்தான். அந்தக் கோயிலில் சத்தியத்துக்கு இருக்கிற மரியாதையைப் பார்த்தால்தான் புரியும். போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் துணிந்து பொய் சொல்கிறவன்கூட, ‘காணிப்பாக்கத்துக்கு வந்து சொல்லு’ என்றால் தயங்குவான். குளத்தில் முங்கி எழுந்து அந்த விநாயகர் முன்னால் பொய் சொன்னால் குடும்பத்துக்கு ஆகாது என்ற பயம். அந்தப் பயத்தை நம்பித்தான் ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகா மூன்று பக்கத்திலிருந்தும் பெண்கள் தங்கள் வீட்டுக் குடிகாரர்களை அங்கே இழுத்து வருகிறார்கள். என்னை இழுத்து வந்தவள் என் அம்மா.

சட்டத்தை நம்பி அவள் ஒரு தடவை ஏமாந்திருந்தாள். 1992-இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் பெண்கள் சாராயக் கடையை எதிர்த்து எழுந்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபரில் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995 ஜனவரியில் என்.டி.ராமாராவ் முழு மதுவிலக்கே கொண்டுவந்தார். 1997-இல் அது தளர்ந்துபோனது. எல்லையோர ஊர்க்காரர்களுக்குத் தடை இருந்த நாளிலும் வழி இருந்தது. அப்பா ஈரல் கெட்டுச் செத்தார். அதன்பிறகு அம்மா எந்தக் கட்சிக்காரன் வாக்குறுதியையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் குடித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடன், அடமானம், பொய், விழுந்து கிடப்பது. எல்லா ஊரிலும் இதே கதைதான். ஒன்றை மட்டும் சொல்கிறேன். புத்தலப்பட்டு கூட்ரோட்டில் நான் விழுந்து கிடந்தால் வண்டியில் உட்காரவைத்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, வீட்டுக்குக் கொண்டுவருகிறவன் என் தம்பி. வாந்தியைக் கழுவி, லுங்கி மாற்றிவிட்டு, திண்ணையில் படுக்கவைத்துவிட்டுப் போவான். மறுநாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டான். ‘அண்ணனுக்கு உடம்பு சரியில்ல’ என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு, தோப்பில் என் வேலையையும் சேர்த்துச் செய்வான்.

குடியை விட்டதும் ஊர் என்னைக் கொண்டாடியது. பஞ்சாயத்துப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். சாமி பயத்தாலும் அம்மாவின் அழுகையாலும் விட்டவன் நான். என் மனவுறுதியால் விட்டேன் என்று நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன். அப்புறம், அந்த உறுதி இல்லாதவர்கள் எல்லாரும் என் கண்ணுக்கு மட்டமாகத் தெரிய ஆரம்பித்தார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் முதலில் மோப்பம் பிடிப்பேன். பையனுக்கு மார்க் குறைந்தால், ‘நான் குடியையே விட்டவன்டா, உன்னால ரெண்டு மணி நேரம் உக்காந்து படிக்க முடியாதா?’ என்பேன். குழம்பில் உப்பு கூடினாலும், மோட்டாரை அணைக்க மறந்தாலும் என் சத்தியத்தைத்தான் எடுத்து வீசுவேன். வாயோடு நிற்கவில்லை. தட்டு பறந்தது. பையனின் செல்போன் கிணற்றுக்குள் போனது. குடித்தபோது செய்த அடாவடிக்குக் குடி என்று ஒரு சாக்காவது இருந்தது. இப்போது சாக்கே தேவைப்படவில்லை. நான் ஒழுக்கமானவன், ஆகையால் என் கோபம் நியாயம்.

மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளிடம் தனித்தனியாகப் போய் நிற்காமல், சேர்ந்து விலை பேச ஒரு சங்கம் வைக்கலாம் என்று எங்கள் பக்கத்து விவசாயிகள் நினைத்தபோது தலைமைக்கு என்னைத்தான் கேட்டார்கள். எனக்குக் கணக்கு வரும், மூன்று பாஷை வரும், அதிகாரிகளிடம் பேசத் தெரியும். முதல் கூட்டத்திலேயே, சந்தா கட்டத் தாமதித்த ஒரு பெரியவரை எல்லார் முன்னாலும் நான் பேசிய பேச்சில் அந்தச் சங்கம் பிறக்காமலே போனது. என்னால் முடிந்திருக்கக்கூடிய உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

கோபம் வருமுன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஒரு உதறு உதறி, மறுபடி போட்டுக்கொள்வேனாம். எனக்கு அது தெரியாது. என் மனைவிக்குத் தெரியும். பையனுக்குத் தெரியும். காய் பறிக்க வருகிற ஆட்களுக்கும் தெரியும். துண்டு உதறுகிற சத்தம் கேட்டால் பையன் செருப்புகூடப் போடாமல் பின்வாசல் வழியாகப் போய்விடுவான். வயலில் வேலை செய்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். என்னைச் சுற்றி இருந்த எல்லாருக்கும் பல வருஷமாகத் தெரிந்த ஒன்று, எனக்கு மட்டும் தெரியவில்லை.

2025 ஜூன் மாதம். தோத்தாபுரிக் காய், தமிழ்நாட்டில் பெங்களூரா என்பார்கள், எங்கள் ஜில்லாவில் பெரும்பாலும் கூழ் ஃபேக்டரிகளுக்குத்தான் போகும். அந்த வருஷம் காய் கொட்டிக் கிடந்தது, கேட்பார் இல்லை. ஃபேக்டரி 8 ரூபாய், அரசாங்கம் 4 ரூபாய், ஆக கிலோவுக்கு 12 என்று நிர்ணயித்தார்கள். கர்நாடகக் காய் உள்ளே வராமல் எல்லையில் தடுத்தார்கள். அப்படியும் டிராக்டர்கள் ஃபேக்டரி கேட்டிலிருந்து ரோட்டோரமாக நாள்கணக்கில் நின்றன. மேலே இருக்கிற காய் வெயிலில் வெம்பி, அடியில் இருப்பது நசுங்கி, டிரெய்லர் பலகை இடுக்கில் சாறு ஒழுகி ஈ மொய்த்தது. நானும் தம்பியும் மாறி மாறிக் காவல் இருந்தோம். வரிசை நகரும்போது வண்டியை நகர்த்தாவிட்டால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான்.

ஒரு நாள் ராத்திரி தம்பியின் முறை. விடியற்காலையில் நான் போனபோது வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பின்னால் இருந்த வண்டிகள் முன்னால் போயிருந்தன. அவன் டிரெய்லருக்கு அடியில் சாக்கு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். குனிந்தேன். வாடை அடித்தது. அந்த நேரம் துண்டை உதறியிருப்பேன், சந்தேகமில்லை. காலால் தட்டி எழுப்பினேன். டீக்கடையில் இருந்தவர்கள், டிரைவர்கள், லோடுமேன்கள் அத்தனை பேரும் பார்த்திருக்க, அப்பாவைக் கொன்ற சாராயம் உன்னையும் கொல்லட்டும் என்றேன். உன் பெண்டாட்டி உன்னை விட்டுப் போனது சரிதான் என்றேன். உன் பேரில் இருக்கிற தோப்பு நான் போட்ட பிச்சை என்றேன். கடைசியாகச் சொன்னது பச்சைப் பொய். என் குடிக் கடனுக்கு அடமானம் போன நிலத்தை, தன் மாடுகளை விற்று மீட்டவனே அவன்தான். பொய் என்று தெரிந்தே சொன்னேன். அவன் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. சாக்கை மடித்து டிரெய்லரில் வைத்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு ரோட்டோடு நடந்து போனான்.

அன்றிரவு, நடந்ததை மனைவியிடம் சொன்னேன், அவள் என் பக்கம் நியாயம் பேசுவாள் என்று நினைத்து. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: “நீங்க குடிச்ச காலத்துல ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் பயம். இப்ப விடிஞ்சதுல இருந்தே பயமா இருக்குது.”

காணிப்பாக்கத்தை ஒட்டிப் போகிற பாஹுதா ஆற்றுக்கு ஒரு கதை உண்டு. சங்கன், லிகிதன் என்று அண்ணன் தம்பி கோயிலுக்கு நடந்து வருகிறார்கள். தம்பிக்குப் பசி. வழியில் மாந்தோப்பு. அடுத்தவன் சொத்து, பறிக்காதே என்கிறான் அண்ணன். தம்பி பறித்துவிடுகிறான். அண்ணன் நேராக ராஜாவிடம் போய்ச் சொல்ல, ராஜா தம்பியின் இரண்டு கைகளையும் வெட்டச் சொல்லிவிடுகிறான். பிறகு அந்த ஆற்றில் முங்கியபோது கைகள் திரும்ப வந்தன என்பார்கள். மகாபாரதத்தின் சாந்தி பருவத்திலும் இது வருகிறது. அங்கே தம்பி பறித்தது அண்ணனின் ஆசிரமத்துப் பழத்தை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அண்ணன் செய்ததுதான் சரி என்று எனக்கு எப்போதும் எண்ணம். பையனுக்கும் அப்படியேதான் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகுதான் ஒன்று உறைத்தது. கதையில் பசித்தது தம்பிக்கு. அண்ணனுக்குப் பசித்ததாக யாரும் சொல்லவில்லை. பசிக்காதவன் பறிக்காமல் இருந்தால் அது என்ன அடக்கம்? எனக்கும் குடியின் மேலிருந்த ஆசை எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது. எனக்கு இருந்த பசி வேறு. ஊர் என்னை உயர்த்தி வைத்துப் பார்க்க வேண்டும், வீட்டில் எல்லாரும் எனக்குக் கீழே நிற்க வேண்டும். அந்தப் பசி வந்தபோது ஒரு நாளும் நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததில்லை.

குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம் ஒன்று வேலூரில் நடக்கிறது. எனக்கு எதற்கு என்று இத்தனை வருஷம் போகாமல் இருந்தேன். பிறகு போனேன். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் ஒருவருக்கொருவர் துணையாக ஆரம்பித்த ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கத்தின் பன்னிரண்டு படிகளை அங்கே வாசித்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மதுவைப் பற்றிய பேச்சு முதல் படியோடு முடிந்துவிடுகிறது. கடைசிப் படி, மற்ற குடிகாரர்களுக்கு இந்தச் செய்தியைக் கொண்டுபோகச் சொல்கிறது. நடுவில் இருப்பவற்றில் பல, தன் குணத்தைத் தானே கணக்கெடுப்பது, அதை இன்னொரு மனிதரிடம் மறைக்காமல் சொல்வது, யாருக்குக் கெடுதல் செய்தோம் என்று பட்டியல் போடுவது, நேரில் போய் ஈடு செய்வது. நான் முதல் படியில் ஏறி நின்றுகொண்டு உச்சிக்கு வந்துவிட்டதாக நினைத்திருக்கிறேன்.

காந்தியைப் படித்தபோதும் இப்படித்தான் ஆனது. 1888-இல் லண்டனுக்குப் புறப்படுமுன் மதுவையும் மாமிசத்தையும் பெண்ணையும் தொடுவதில்லை என்று தாய் முன்னால் சத்தியம் செய்து கொடுத்தவர் அவர். அதே மனிதர் 1898-இல் டர்பன் வீட்டில், குமாஸ்தா ஒருவரின் மூத்திரப் பாத்திரத்தைக் கஸ்தூர்பா முகம் சுளிக்காமல் எடுக்க வேண்டும் என்று கத்தி, அவர் எதிர்த்துப் பேசியதும் கையைப் பிடித்து வெளிவாசல் வரை இழுத்துப்போனார். தன் கொள்கை உயர்ந்தது என்ற நினைப்பில்தான் அவர் கை நீண்டது. அவரது வாழ்க்கையில் நடந்ததை வைத்து எனக்கு மன்னிப்புத் தேடவில்லை. அவர் அதைச் சத்திய சோதனையில் ஊரறிய எழுதினார். நான் வீட்டுக்குள்ளேயே மூடிவைத்திருந்தேன்.

கோபத்தை விடுவதாகவும் காணிப்பாக்கத்தில் ஒரு சத்தியம் செய்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். அது நடக்காது. பாட்டிலை எடுக்கக் கடைக்குப் போக வேண்டும், காசு கொடுக்க வேண்டும், மூடியைத் திறக்க வேண்டும். சத்தியம் குறுக்கே வந்து நிற்க அத்தனை இடம் இருக்கிறது. கோபம் எனக்கே தெரியாமல் வந்து, வேலையை முடித்துவிட்டுப் போகிறது. முதலில் அது வருவதை நான் பார்த்தாக வேண்டும். எங்கள் பழைய ஜில்லாவின் மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தது கிட்டத்தட்ட இதுதான்: அடக்குமுன் பார். அவர் தொடங்கிய ரிஷிவேலி பள்ளிக்கு மாங்கன்று கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். அப்போது இந்தப் பேச்செல்லாம் படித்தவர்கள் சமாச்சாரம் என்று இருந்துவிட்டேன்.

பார்க்கப் பழகுகிறேன். தோளில் துண்டு போடுவதை நான் விடவில்லை. துண்டு இருந்தால்தான் அதை நோக்கிக் கை போவது எனக்குத் தெரிகிறது. தெரிந்தால் எழுந்து வெளியே போகிறேன். தெரியாமல் போகிற நாளும் இருக்கிறது. போன பொங்கலன்றுகூட மனைவியை அழவைத்தேன். பையன் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன் செய்தால் அம்மாவிடம் மட்டும் பேசுகிறான். அதை நான் குறையாகச் சொல்ல முடியாது.

தம்பியிடம் போனேன். தோப்பில் தனியாகப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தான். கேட்டில் சொன்னது பொய் என்றும், நிலத்தை மீட்டது அவன்தான் என்றும், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். கூட்ரோட்டிலிருந்து என்னைத் தூக்கிவந்த ராத்திரிகளைப் பற்றியும் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டான். அப்புறம் கேட்டான்: “என்னைத் திட்டினது ஃபேக்டரி கேட்டுல. ஊரே கேட்டுது. மன்னிப்பு மட்டும் ஏன்ணா யாரும் இல்லாத எடத்துல வந்து கேக்கற?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதினால் மட்டும் போதாது. அந்த வரிசையில் நின்ற பலர் பத்திரிகை படிப்பவர்கள் இல்லை. அடுத்த காய் இறக்கும்போது அதே கேட் முன்னால் வண்டிகள் நிற்கும், பெரும்பாலும் அதே ஆட்கள் இருப்பார்கள். தோப்பு அவன் உழைப்பு என்பதையும், நான் சொன்னது பொய் என்பதையும் அங்கே சத்தமாகச் சொல்ல வேண்டும். தம்பி இன்னும் குடிக்கிறான். அதைப் பற்றி அவனாகக் கேட்டாலொழிய நான் பேசப் போவதில்லை.