சோளக்காட்டுத் திண்ணையில் ஆர்ச் லினக்ஸ்

மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, மேலே சோளக்காட்டில் இறங்கியபோது தலை சுற்றியது. நண்பரின் தம்பி கணினி அறிவியல் படிக்கிறார். அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பில், எல்லாவற்றையும் நாமே அமைத்துக்கொள்ள வேண்டிய ஆர்ச் லினக்ஸ்தான் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. திண்ணையில் உட்கார்ந்தோம்.

2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து, இந்திய மொழிகளில் புழங்கும்படி சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. அப்படியிருந்தும் இந்த வீட்டில் அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. கூட உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லை.

பென் டிரைவைச் செருகினார். கறுப்புத் திரை, ஒற்றை வரி, அவ்வளவுதான். கேள்வி கேட்டு வழிநடத்தும் ‘ஆர்ச்இன்ஸ்டால்’ என்ற நிறுவி 2021 முதல் ஆர்ச்சிலேயே இருக்கிறது என்றேன்.

“வேண்டாம்ணா, கையாலயே போடுறேன்.”

மடியில் கோடு போட்ட நோட்டு, அதில் வட்டின் பிரிவுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. “எஸ்டிஏ1 விண்டோஸ், தொடாதே. எஸ்டிஏ2 அக்கா போட்டோ, தொடவே தொடாதே. எஸ்டிஏ3 பாஸ், அழிக்கலாம்.” இரண்டாவது வரிக்கு அடியில் இரண்டு கோடு. எண்டர் தட்டுமுன் நோட்டையும் திரையையும் மூன்று முறை ஒப்பிட்டார்.

போன் இணையத்தில் எல்லாம் இறங்கவே மதியமாகிவிட்டது. ரீஸ்டார்ட் செய்தால் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று நிற்கிறது. பாஸை அழித்தவர், கணினியைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரைப் புதிதாகப் போட மறந்துவிட்டார்.

“போட்டோ எல்லாம் போயிருச்சா சாமி?” என்று அம்மா ஓடிவந்தார்.

“இல்லம்மா, கதவு மட்டும்தான் காணோம், வீடு அப்படியே இருக்கு” என்றார் பையன். பூட்லோடருக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை. மறுபடி பென் டிரைவிலிருந்து உள்ளே போய் அரை மணியில் சரிசெய்தார். அந்த அரை மணி நேரத்தை எந்த நிறுவியும் அவரிடமிருந்து பறிக்கக் கூடாது.

ஆனால் எல்லாக் கஷ்டமும் பாடமாகாது. நான் முதன்முதலில் டெபியன் போட்டபோது வைஃபை வேலை செய்யவில்லை. வைஃபை இயங்கத் தேவையான ஃபர்ம்வேருக்குக் கட்டற்ற உரிமம் இல்லையென்றால் அதை நிறுவியில் சேர்க்காதது அப்போது அவர்கள் கொள்கை. அதை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு அந்த ஃபர்ம்வேர் வேண்டும். இரண்டு நாள் அல்லாடினேன், ஒன்றும் கற்கவில்லை. 2022இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அந்த ஃபர்ம்வேரை நிறுவியிலேயே சேர்த்துவிட்டார்கள். இதனால் டெபியன் ஒன்றும் மழுங்கிவிடவில்லை. ரோட்டில் குழியை மூடுவது வேறு, வளைவை நேராக்குவது வேறு. ஆர்ச் தன் வளைவுகளை வைத்துக்கொள்ளட்டும்.

சாயங்காலம் டெஸ்க்டாப் வந்தது. அக்காவின் போட்டோக்கள் பத்திரம். ஆனால் தமிழில் பெயர் வைத்திருந்த ஃபோல்டர்கள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. வேண்டிய எழுத்துருவை நாமே போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஆர்ச்சின் வழக்கம். ஆங்கிலத்தில் பெயர் வைத்தவருக்கு இந்த வேலையே வந்திருக்காது. இதைப் பாடமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர் நோட்டோ எழுத்துருவை நிறுவினார். ‘அக்கா கல்யாணம்’ என்ற பெயர் தெரிந்ததும் அம்மா கிட்டே வந்து உட்கார்ந்தார்.