அரை நைட், முழு நைட்

ராஜபாளையம் மில்களில் ஷிப்ட் சுற்றி வரும். பகல், அரை நைட், முழு நைட். இந்தப் பக்கம் சர்க்கரைப் பேச்சு எடுத்தால் எல்லார் விரலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைத்தான் காட்டும். எந்த ஷிப்ட் என்று யாரும் கேட்பதில்லை.

ஷிப்டுக்கும் சர்க்கரைக்கும் நடுவே கார்டிசால் என்ற ஹார்மோன் நிற்கிறது. அட்ரினல் சுரப்பியில் ஊறுவது. இரவில் தூங்குகிறவருக்கு நள்ளிரவையொட்டி அடிமட்டத்தில் கிடக்கும், விடியும்போது உச்சிக்கு ஏறும். ஆபத்து வந்தால் கல்லீரலைச் சர்க்கரை செய்ய வைக்கும். தசையை இன்சுலின் பேச்சைக் கேட்கவிடாது. ஓடித் தப்பிக்கிற ஆபத்தென்றால் சரி. சூப்பர்வைசர் திட்டுக்கும் வட்டித் தவணைக்கும் எங்கே ஓடுவது? செலவாகாத சர்க்கரைக்கு ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைக் கொட்டும். இப்படியே நீடித்தால் கொழுப்பு தொப்பைக்குள் சேரும்.

தூங்கும் நேரம் புரண்டால் என்ன ஆகும் என்று பார்க்க, 2009-இல் அமெரிக்காவில் பிராங்க் ஷீர் குழு 10 பேரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, நாளை 28 மணி நேரமாக்கித் தூக்கத்தையும் சாப்பாட்டையும் தள்ளிக்கொண்டே போனது. உடலின் கடிகாரமும் தூக்கமும் தலைகீழானபோது குளுக்கோஸ் 6%, இன்சுலின் 22% கூடியது. இன்சுலின் அவ்வளவு கூடியும் குளுக்கோஸ் இறங்கவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இன்சுலின் எதிர்ப்பு என்பது இதுதான். ஆய்வு நடந்ததோ சில நாள்கள். நம் ஊரில் இருபது வருஷம் முழு நைட் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

"கார்டிசால் தொப்பை" என்று பொடி விற்கிறவர்களை நம்ப வேண்டாம். தொப்பை எல்லாம் கார்டிசால் போட்டதல்ல. அந்த ஹார்மோன் அளவுமீறிச் சுரந்தால் வரும் கோலத்தை ஹார்வி குஷிங் 1932-லேயே எழுதிவிட்டார்: உருண்டை முகம், பெருத்த வயிறு, மெலிந்த கைகால். அது அரிய நோய். வீசிங்குக்கும் மூட்டுவலிக்கும் மாதக்கணக்கில் கார்டிசால் வகை ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குகிறவர் முகத்தில் அதே உருண்டையைப் பார்க்கலாம். சர்க்கரையும் ஏறும். பஞ்சுத் தூசி ஊரில் இது சின்ன விஷயமில்லை.

பால்கோவாவை முழுசாக விடுவிக்கவும் மனமில்லை. தூக்கம் கெட்டால் நாக்கு இனிப்பையும் கொழுப்பையும் தேடும். பால்கோவாவில் இரண்டும் இருக்கிறது.

சர்க்கரை பார்க்க, எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்து காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள். முழு நைட் முடித்து நேரே லேபுக்கு வருகிறவர் ராத்திரி இரண்டு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்திருப்பார். எட்டு மணி நேரம் எங்கே ஆயிற்று? லேப் சீட்டில் ஷிப்ட் எழுத ஒரு கட்டம்கூட இல்லை.