பாலத்தில் கழன்ற பெல்ட்

கனெக்டிகட் ஆற்றுப் பாலத்தில் ஏறியதுமே பெரியவர் சீட் பெல்ட்டைக் கழற்றினார். வெர்மான்ட் மாநிலத்துக்குள் ஒழுங்காகப் போட்டிருந்தவர். "பாதிப் பாலமாவது தாண்டட்டும்" என்றேன். "ஆறு முழுக்க எங்களுடையது" என்றார். உண்மைதான். 1933இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எல்லையை வெர்மான்ட் கரையோரத்திலேயே வைத்துவிட்டது. அங்கிருந்து நியூ ஹாம்ப்ஷயர். வயது வந்தவர்களைப் பெல்ட் போடச் சொல்லும் சட்டம் இல்லாத ஒரே மாநிலம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் சித்தப்பா மகன் திண்டிவனம் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் போய், பிணமாகத்தான் வீடு திரும்பினான். "நீங்கள் செத்தால் அழப்போவது நீங்களா?" என்று கேட்டுவிட்டேன். எழுபதைத் தாண்டிய மனிதரிடம், அதுவும் என் மகளின் எதிர்வீட்டுக்காரரிடம், அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவர் பேசாமல் ஓட்டினார்.

அன்று காலைதான் ஒயிட் ரிவர் ஜங்ஷனில் இருக்கும் தன் அக்காவிடம் என்னைக் கூட்டிப்போயிருந்தார். பேன்கேக் மேல் மேப்பிள் சிரப்பை ஊற்றிக்கொண்டே இருவரும் சண்டை போட்டார்கள். "எங்களுக்குச் சம்பளத்தில் வரி இல்லை, விற்பனை வரியும் இல்லை" என்றார் தம்பி. "வீட்டு வரி எவ்வளவு கட்டினாய், அதைச் சொல்" என்றார் அக்கா. தம்பியின் முகம் சுருங்கியது. பள்ளிக்கூடச் செலவில் பெரும்பகுதி அங்கே வீடுகளின் தலையில்தான் விழுகிறது. சம்பாத்தியம் நின்றாலும் அந்தச் சீட்டு வராமல் இருக்காது. அக்கா ஜன்னலைக் காட்டினார்: மலை, மரம், வானம். வெர்மான்ட் 1968லேயே விளம்பரப் பலகைகளுக்குத் தடை போட்டுவிட்டதாம். பேனர்களுக்கு நடுவே வானத்தைத் தேடும் ஊரிலிருந்து வந்த நான் அக்கணமே அக்கா கட்சி.

கிளம்பும்போது அக்கா ஒரு விஸ்கியின் பெயரைச் சொல்லி, அடுத்த முறை வாங்கி வரச் சொன்னார். 'சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துவிடு' என்று நம்பர் பிளேட்டில் எழுதிவைக்கும் நியூ ஹாம்ப்ஷயரில், நம் டாஸ்மாக் போல, அரசாங்கமே நெடுஞ்சாலையோரத்தில் கடை போட்டு மது விற்கிறது. தம்பியோ, தூக்கத்துக்கென்று வெர்மான்ட் கடையில் வாங்கிய கஞ்சா மிட்டாயைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மூன்று பக்கத்து மாநிலங்கள் அனுமதித்துவிட்ட அந்த விற்பனையை அவருடைய மாநிலம் இன்னும் அனுமதிக்கவில்லை. அந்த மிட்டாயோடு பாலம் தாண்டுவதே மத்தியச் சட்டப்படி குற்றம்.

கேட்டோ என்னும் ஆய்வு நிறுவனம் வெளியிடும் மாநிலச் சுதந்திரத் தரவரிசையில் நியூ ஹாம்ப்ஷயர்தான் முதலிடம். வரி, துப்பாக்கி, கஞ்சா எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரே மதிப்பெண்ணாக்குகிறார்கள். பெல்ட் சட்டம் இருந்தால் மதிப்பெண் குறையும். அதைப் படித்த இரவு என் சித்தப்பா மகனின் முகம்தான் நினைவில் நின்றது.

அன்று வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் பெரியவர் நம்பர் பிளேட்டைத் தொட்டுக் காட்டினார். ஜார்ஜ் மேனார்ட் என்பவர் தன் மதநம்பிக்கைக்கு ஒவ்வாதென்று அந்த வாசகத்தை ஒட்டி மறைத்தார். அபராதம் கட்ட மறுத்து 15 நாள் சிறையில் இருந்தார். வழக்கு நடந்தது என் மகள் வசிக்கும் இதே லெபனான் ஊர் நீதிமன்றத்தில். 1977இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. "இந்த வாசகம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அவரை உள்ளே வைத்தது தப்பு" என்றார் மெதுவாக.

மறுநாள் என் பேரனையும் கடைக்குக் கூட்டிப்போக வந்தார். அவன் பின்சீட்டில் ஏறியதும் இறங்கி வந்து, அவனுடைய பெல்ட்டை மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு முன்னால் போய் பெல்ட் போடாமல் உட்கார்ந்தார்.