கணக்கைப் பார்த்தோம், காரணத்தைப் பார்க்கவில்லை

பெண்பிள்ளைகள் ஓதும் மதரஸா ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வருகிறோம். இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்றிருப்பதால், ஆலிம்களிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை ஊர்ப் பெண்கள் எம்மிடம் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் மாதவிடாய், குளிப்பு, களாத் தொழுகை பற்றியவை. நாட்களை எண்ணச் சொல்லி, கணக்குப் பார்த்து, விடை சொல்லி அனுப்புவோம். ஷாஃபிஈ மத்ஹபில் மாதவிடாயின் மிகக் கூடிய அளவு 15 நாட்கள். ஹனஃபீ மத்ஹபில் 10. அதைக் கடந்துவிட்டால் இஸ்திஹாளாவின் சட்டம். முந்தைய வழக்கத்தை வைத்து நாட்களைப் பிரிக்க வேண்டும். இந்தக் கணக்கில் நாம் தவறியதாக நினைவில்லை.

நாற்பத்திரண்டாம் வயதில் அதே கணக்கை எமக்கே பார்க்கும்படி ஆயிற்று. ஏழு நாட்களில் நின்றுகொண்டிருந்தது பதினொன்றாயிற்று, பிறகு பதின்மூன்று, ஒரு மாதம் பதினேழு. எந்த நாளின் தொழுகை கடமை, எந்த நோன்பு களா என்று நாட்குறிப்பில் பிசகின்றிக் குறித்துக்கொண்டோம். ஏன் இப்படி ஆகிறது என்று மட்டும் ஒருமுறையும் கேட்டுக்கொள்ளவில்லை. வயது என்று விட்டுவிட்டோம்.

கூடவே வேறு சிலவும் வந்தன. சுப்ஹுக்கு எழுவது பெரும் பாரமாயிற்று. ஆண்டுக்கணக்கில் விடாத தஹஜ்ஜுத் விட்டுப்போயிற்று. சித்திரை மாதத்தில் போர்வை தேடினோம். குரல் தடித்துக் கரகரத்தது. ‘ஐன்’, ‘ஹா’ எழுத்துகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எம் காதுக்கே அது பிடிக்கவில்லை. தொழுகையின் இருப்பில் பாதம் மரத்து, எழும்போது சுவரைப் பிடித்தோம். ஒருநாள் நன்கு மனனமான சூரா ஒன்றின் நடுவில் நின்றுபோனோம். எதிரே உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பிள்ளை அடுத்த வசனத்தை மெதுவாக எடுத்துக்கொடுத்தாள். அன்றிரவு அழுதோம்.

இவை எல்லாவற்றையும் ஈமானின் பலவீனம் என்றே நம்பினோம். பாவமன்னிப்புத் தேடினோம், திக்ரைக் கூட்டினோம். அவை ஒருநாளும் வீண்போகிறவை அல்ல. ஆனால் எம்மைப் பற்றி நாம் எழுதிக்கொண்ட தீர்ப்பு தவறாக இருந்தது. முகம் வீங்கியதைக் கண்டு பிள்ளைகளின் வாப்பாதான் வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துப்போனார். மருத்துவர் அம்மையார் கழுத்தைத் தடவிப் பார்த்தார், மாதவிடாயைப் பற்றிக் கேட்டார், இரத்தம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்.

மறுநாள் வந்த காகிதத்தில் டி.எஸ்.எச். 31 என்றிருந்தது. ஏறத்தாழ 4-க்குள் இருக்க வேண்டியது. ஹீமோகுளோபின் 8.4. வைட்டமின் பி12 170. வைட்டமின் டி 9. டி 20-க்குக் கீழே போனாலே குறைபாடு என்கிறார்கள்.

டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு கூடிவிட்டது என்று எண்ணுவோர் பலர். நாமும் அப்படித்தான் எண்ணினோம். உண்மை நேர்மாறானது. அது தைராய்டு சுரப்பது அன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை செய்யுமாறு ஏவ அனுப்புவது. பாடம் சொல்லாத பிள்ளையிடம் உஸ்தாதின் குரல் உயர்வது போல, தைராய்டு தளரத் தளர அந்த எண் ஏறும். மாத்திரை வழியே ஹார்மோன் போதுமான அளவு கிடைத்தால் குரல் தாழும். அதிகமாகிவிட்டால் பேச்சே நின்று எண் பூஜ்ஜியத்தை நெருங்கும்.

தைராய்டு குறைந்தால் மாதவிடாய் மிகும் என்பதை அன்றுதான் அறிந்தோம். மிகுந்த போக்கினால் இரத்தசோகை, அதனால் மேலும் களைப்பு. இறைச்சியும் மீனும் உண்ணும் வீட்டில் பி12 எப்படிக் குறையும் என்று கேட்டோம். எமக்கிருப்பது உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் வகை. அத்தகையோரில் சிலருக்கு இரைப்பையும் அவ்வாறே பாதிக்கப்பட்டு, உண்பதிலுள்ள பி12 உடலில் சேராது என்றார். ஊசி போட்டார்கள். பாதம் மரப்பது அதற்குப் பிறகு கொஞ்சங் கொஞ்சமாகக் குறைந்தது.

வைட்டமின் டி பற்றிச் சொல்லும்போது பரிசோதனைக் கூடத்துப் பெண், “நீங்கள் மூடிக்கொள்கிறீர்கள் அல்லவா” என்றாள். மனம் சற்றுக் கசந்தது. நாள் முழுதும் அலுவலக அறைக்குள் இருக்கும், மூடிக்கொள்ளாத பலருக்கும் இந்நாட்டில் இதே குறை இருக்கிறது. ஆயினும் அவள் சொன்னதில் ஒரு பாதி உண்மை. வெயில் நம் தோலில் படுவதில்லை. அதற்கு வழி நம் வீட்டு மாடியிலேயே இருக்கிறது. சுப்ஹு முடிந்து வரும் இளவெயில் போதும் என்று நெடுநாள் நம்பியிருந்தோம்; டி-யை உண்டாக்கும் கதிர் அப்போது மிகக் குறைவு. பத்து மணிக்கு மேல், உயர்ந்த கைப்பிடிச் சுவருக்குள், வடகம் காயவைக்கும் நேரந்தான் அதற்கு உகந்தது. வாரம் ஒன்றாக எட்டு வாரத்துக்கு 60,000 யூனிட் மருந்தும் தந்தார். ஜெலட்டின் உறை பற்றி ஐயமுள்ளோர் பாலில் கலக்கும் தூளாகக் கேட்டு வாங்கலாம். வாரத்துக்கு ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று விளங்கிக்கொள்ளாதிருப்பது முக்கியம். இந்த வைட்டமின் உடலில் தங்கும். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறித் தீங்கு செய்யும்.

இனி, எழுதக் கூச்சப்படும் பகுதி. தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராமில் தொடங்கியது. வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே உணவு என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணிநேர இடைவெளி. ஆறு வாரத்தில் எண் 16 ஆயிற்று. 75 ஆக்கினார், 13. நூறு ஆக்கினார், 9.8. “ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். “ஆம்” என்றோம். மாத்திரையை ஒருநாளும் விடவில்லை என்பது உண்மை. ஆனால் காலையில் மதரஸாவுக்கு ஓடும் அவசரத்தில் தைராய்டு, இரும்பு, கால்சியம் மூன்றையும் ஒரே வாயில் போட்டு, கையில் இருந்த தேநீரால் விழுங்கிவந்தோம். இரும்பும் கால்சியமும் குடலில் அந்த மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; தேநீரும் உட்கிரகிப்பைக் குறைக்கும். மருந்தின் ஒரு பகுதி உடலுக்குள் சேராமலே போய்க்கொண்டிருந்தது. மருத்துவரோ அளவு போதவில்லை என்று கருதிக் கூட்டிக்கொண்டே போனார்.

சபக் கேட்கும்போது, முன்தினம் வீட்டில் எத்தனை முறை ஓதினாய் என்று பிள்ளைகளிடம் வினவி, பொய் சொன்னால் கண்டிக்கும் நாம்தான் இதைச் செய்தோம்.

பிறகு புத்தி வந்தது; ஆனால் அரைகுறையாக. யாரிடமும் சொல்லாமல் பழக்கத்தைத் திருத்திக்கொண்டோம். மாத்திரை சுப்ஹுக்கு எழுந்ததும், கால்சியம் மதிய உணவுக்குப் பின், இரும்பு இரவில். நூறு மைக்ரோகிராம் இப்போது முழுமையாக உடலில் சேர்ந்தது. சில வாரங்களில் நெஞ்சு படபடத்தது, எழுதுகோல் பிடித்த கை நடுங்கியது, இரவு உறக்கம் போயிற்று. ஒரு பிள்ளையை, அவள் செய்யாத தவற்றுக்காக, எல்லார் முன்னும் உரக்கக் கடிந்துகொண்டோம். அப்படிக் கத்துபவர்கள் அல்லர் நாம். டி.எஸ்.எச். 0.06 என்று வந்தது. மருத்துவர் காகிதத்தைப் பார்த்தார், எம் முகத்தைப் பார்த்தார். “எதை மாற்றினீர்கள்?” என்றார்.

சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. இந்த நிலை நீடித்தால் இதயத் துடிப்பும் எலும்பும் கெடும் என்று மட்டும் விளக்கி, 75-க்குக் குறைத்தார். எட்டு வாரம் கழித்து 2.4. அந்தப் பிள்ளையிடம் மறுநாளே மன்னிப்புக் கேட்டுவிட்டோம்.

அதிலிருந்து, பிள்ளைகளின் சபக் ஏட்டைப் போலவே எமக்கும் ஓர் ஏடு உண்டு. தேதி, மாத்திரையின் அளவு, எடுத்துக்கொள்ளும் நேரம், வேறென்ன மருந்து, பரிசோதனை எண். அளவு மாறினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே இரத்தம் கொடுக்கிறோம். இந்த மருந்தின் பாதி உடலிலிருந்து நீங்கவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அவசரப்பட்டுப் பார்க்கும் எண் பழைய அளவின் சாயலையும் சுமந்திருக்கும். எப்போதும் காலை வேளையிலேயே கொடுக்கிறோம். அன்றைய மாத்திரை, ஊசி குத்திய பிறகு. முடி உதிர்வதற்கென்று கடையில் வாங்கும் மாத்திரைகளில் பயோட்டின் இருந்தால் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்கள் முன்பே நிறுத்திவிட வேண்டும். சில பரிசோதனை முறைகளில் அது எண்ணையே பொய்யாக்கிவிடும்.

ரமளானில் என்ன செய்வது என்ற கேள்வி பலரிடமிருந்து வருகிறது. இரவு உணவு முடிந்து மூன்று மணிநேரமாவது கழித்துப் படுக்கும்போது எடுக்கலாம்; இல்லையெனில் ஸஹருக்கு எழுந்ததும் எடுத்துவிட்டு, அரைமணிக்கு மேல் காத்திருந்து உண்ணலாம். எது தமக்கு ஏற்றது என்பதை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்துகொள்வது நல்லது. நாம் இரண்டாவதைத் தேர்ந்தோம். மூன்றரைக்கு எழுந்து மாத்திரையை விழுங்கி, உளூச் செய்து தொழுது முடித்தால் உண்ணும் நேரம் வந்துவிடும். விட்டுப்போன தஹஜ்ஜுத் இப்படித்தான் திரும்பி வந்தது, அல்ஹம்து லில்லாஹ். கால்சியமும் இரும்பும் தராவீஹுக்குப் பின்னால் போயின. நோன்போடு பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தால் நோன்பு முறியுமா என்றும் கேட்கிறார்கள். ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது.

இஸ்திஹாளாவின் சட்டத்தைப் பாடம் நடத்தும்போது ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்களின் செய்தியைச் சொல்லாமல் எவரும் நடத்துவதில்லை. நிற்காத உதிரம் குறித்து அவர்கள் வந்து கேட்டபோது, அது மாதவிடாய் அன்று, ஓர் இரத்த நாளத்திலிருந்து வருவது என்று நபியவர்கள் (ஸல்) விளக்கினார்கள். பல்லாண்டு நாம் அந்த வாக்கியத்தை வேகமாகக் கடந்து, தொழுகையின் சட்டத்துக்குப் போய்விடுவோம். உடலில் ஒரு காரணம் இருக்கிறது என்று அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறதே என்பது, எமக்கு 31 என்று எண் வந்த பிறகுதான் உறைத்தது. இப்போதெல்லாம் கேள்வியோடு வரும் பெண்களிடம் சட்டத்தைச் சொன்னபின், “இரத்தம் கொடுத்துப் பார்த்தீர்களா?” என்றும் கேட்கிறோம்.

முதலில் கேட்டது எம் மாணவி ஒருத்தியின் உம்மாவிடம். மூன்றாண்டுகளாக அவர் எம்மிடம் நாட்கணக்கு கேட்டுவருகிறவர். மூன்றாண்டும் எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்ததை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டும் இருந்தோம். போய்ப் பார்த்தார். அவருக்குத் தைராய்டு சரியாகவே இருந்தது. ஹீமோகுளோபின் 6.9, கர்ப்பப்பையில் கட்டி. முதலில் இரத்தம் ஏற்றி, பிறகு அறுவைச் சிகிச்சை என்று நாள் குறித்தார்கள்.

மருத்துவமனையில் போய்ப் பார்த்தபோது, முன்பே சொல்லாததற்கு மன்னித்துக்கொள்ளுமாறு கேட்டோம்.

“நான் மசாயில்தானே கேட்டேன் ஆலிமா, அதை நீங்க சரியாத்தானே சொன்னீங்க” என்றார்.

அதற்கு விடை சொல்லத் தெரியவில்லை. கட்டிலின் அருகே உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த கஞ்சியை ஆற்றிக் கொடுத்தோம்.