காய்கறி நூடுல்ஸ் மெஷின் வாங்கலாமா?

பொருட்காட்சிக்குப் போய் டெல்லி அப்பளம் தின்றுவிட்டு, ராட்டினத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் கட்டாயம் ஒரு ஸ்டால் இருக்கும். மைக்கை மாட்டிக்கொண்டு ஒருவர் வெள்ளரிக்காயையும் கேரட்டையும் சீவித் தள்ளிக்கொண்டிருப்பார். "பாருங்கக்கா, கரண்ட் வேணாம், பேட்டரி வேணாம்..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு முழு வெள்ளரிக்காய், அறுந்துபோகாத ஒரே சுருளாக அவர் கையில் தொங்கும். கூட்டம் வாயைப் பிளக்கும், பர்ஸ் திறக்கும். வாங்கிப் போன துருவி வீட்டில் இரண்டு தடவை சுற்றப்பட்டு, மூன்றாவது மாதம் பரணில், பழைய ஜூஸர் பக்கத்தில் ஓய்வெடுக்கும் :-)

ஆனால் எல்லா வீட்டிலும் இது விளையாட்டு சாமான் இல்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் கருவியைப் பற்றி நாலு வரி.

ஸ்பைரலைசர் என்பது பெரிய பென்சில் ஷார்ப்னர் தான். காய் சுற்றும், கத்தி அசையாமல் நிற்கும். சீப்பு மாதிரி இருக்கும் சின்னப் பற்கள் காயில் கோடு கிழிக்க, தட்டைக் கத்தி அதை உரித்தெடுக்கும். பற்கள் இல்லாவிட்டால் நாடா, இருந்தால் நூல். அவ்வளவு தான் தத்துவம். ஜப்பானில் சாஷிமி என்கிற பச்சை மீன் துண்டுகளோடு வெள்ளை முள்ளங்கியை நூல் நூலாகச் சீவி வைப்பார்கள். அதைக் கத்தியாலேயே செய்ய முள்ளங்கியைக் கையில் உருட்டி உருட்டிக் காகிதம் போல உரிக்கிற வித்தைக்குக் கட்சுராமுகி என்று பெயர். பழக வருஷக்கணக்கில் ஆகும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு வந்தது தான் கைப்பிடி சுற்றும் மெஷின். பிறகு அமெரிக்காக்காரர்கள் கோதுமை நூடுல்ஸுக்குப் பதிலாகச் சீமைச் சுரைக்காயைச் சுற்ற ஆரம்பித்தார்கள். 2015-ல் இந்த ஒரு கருவியை நம்பியே 'இன்ஸ்பைரலைஸ்டு' என்று ஒரு சமையல் புத்தகம் வந்து சக்கைப் போடு போட்டது.

இப்போது அந்த வீடு. அப்பாவுக்குச் சர்க்கரை. டாக்டர் "ராத்திரி சோற்றைக் குறைங்க" என்கிறார். அப்பாவோ சப்பாத்தியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆசாமி. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் தான் ஸ்பைரலைசர் வாங்கலாம் என்று ஆரம்பித்தது. அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அரிவாள்மனை இருக்கையில அதுக்கு எதுக்குடி காசு?"

நியாயமான கேள்வி. காயை நூலாக வெட்டினால் அதில் மருந்து ஏதும் சேர்ந்துவிடாது. 100 கிராம் வெந்த சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. அதே எடை வெள்ளை முள்ளங்கியில் சுமார் 4, நூல்கோலில் 6, கேரட்டிலும் பீட்ரூட்டிலும் 10-ஐ ஒட்டி, உருளைக்கிழங்கில் 17. உருளைக்கிழங்கு எத்தனை அழகான சுருளாக விழுந்தாலும் 17 தான். 250 கிராம் சோறு சாப்பிடுகிறவர் அதற்குப் பதிலாக அதே அளவு முள்ளங்கி நூல் சாப்பிட்டால் 70 கிராம் பத்தாகிறது. சோறு அப்படியே இருக்க, தொட்டுக்கொள்ள மட்டும் கேரட் சுருள் என்றால் ஒரு கிராம்கூடக் குறையவில்லை, கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. ஆக, தட்டிலிருந்து எது எழுந்து போகப்போகிறது என்பது முடிவாகாமல் மெஷினைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை.

மகள் அடுத்ததாகக் காய்கறிக் கூடையைப் பார்த்தாள். நம் வீட்டுக் காய்களில் பாதிக்கு மேல் இந்த மெஷினுக்கு ஆகாது. வெண்டை, அவரை, புடலை, முருங்கை, கீரை எதுவும் நடக்காது. காய் நேராக, கெட்டியாக, நடுவில் விதையோ பொந்தோ இல்லாமல், ஓரளவு பருமனாக இருக்க வேண்டும். கேரட் தலைப்பக்கம் ஜோராகச் சுற்றும், வால்பக்கம் துண்டு துண்டாக உடையும். முற்றிய சுரைக்காய் நடுவில் பஞ்சு, பிஞ்சு என்றால் சரி. முதல் பரிசு முள்ளங்கிக்கும், பேரிலேயே நூலை வைத்திருக்கும் நூல்கோலுக்கும் தான்.

(ஸ்டால்காரர்கள் சொல்லாத ஒன்று: சுரைக்காய், வெள்ளரி வகைகளைப் பச்சையாகச் சீவித் தின்பவர்கள் முதலில் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். குக்கர்பிடாசின் என்கிற அந்தக் கசப்பு விஷம், சமைத்தாலும் போகாது.)

உடனே மெஷின் வாங்காமல் பல் வைத்த பீலர் ஒன்றை வாங்கி வந்தாள், அதன் விலை சொற்பம். வாரம் இரண்டு ராத்திரி வீதம் மூன்று வாரம் சோதனை. முதல் நாள் ஒரே சொதப்பல். உப்புப் போட்டதும் முள்ளங்கி தண்ணீர் விட்டுத் தட்டில் குளம் கட்டியது. "என்னம்மா இது, ரசத்துல நூலா?" என்றார் அப்பா. அடுத்த தடவை உப்புப் பிசறிப் பத்து நிமிஷம் வைத்துப் பிழிந்து, கடுகு, உளுத்தம்பருப்பு, தேங்காய், எலுமிச்சை போட்டு எலுமிச்சை சேவை மாதிரி தாளித்தாள். வாணலியில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் இல்லை. கூடவே ஒரு கிண்ணம் சுண்டல், இல்லாவிட்டால் பத்து மணிக்கு அப்பா பிஸ்கட் டப்பாவைத் தேடுவார். அன்றைக்குத் தட்டு காலி.

இடையில் டாக்டரிடமும் கேட்டுக்கொண்டார்கள். சில சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தினால் ராத்திரியில் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும். இதைக் கேட்காமல் எந்த மெஷினும் வாங்கக் கூடாது.

மூன்றாவது வாரம் கட்சி மாறியது அம்மா தான். நூல்கோலைப் பீலரால் இழுத்து இழுத்து அவருக்கு மணிக்கட்டு வலி. "அந்தச் சுத்துற மெஷினே வாங்கிடு, கை போகுது" என்றார். பென்சில் சீவுவது போன்ற கையடக்க ரகம் வேண்டாம் என்று முடிவானது, காயைக் கையால் திருக வேண்டும் என்பதால் அதே வலி அதிலும் உண்டு. காய் குட்டையானதும் விரல் கத்திப்பக்கம் போகிற ஆபத்து வேறு. அடியில் ரப்பர் உறிஞ்சிகள் வைத்த, கைப்பிடி சுற்றும் மேஜை ரகத்துக்குத் தான் ஓட்டு. அந்த உறிஞ்சி வழவழப்பான கிரானைட்டில் நன்றாக ஒட்டும், மரப்பலகையில் ஒட்டாது.

பரணில் வைக்கக் கூடாது, அடுப்பு மேடையிலேயே இருக்க வேண்டும் என்று அம்மா இடத்தை ஒழித்துக் கொடுத்திருக்கிறார். சீவி முடித்ததும் நடுவில் பென்சில் மாதிரி ஒரு தண்டு மிஞ்சும். அது மறுநாள் சாம்பாருக்கு.