அத்தை கேட்ட தட்டு

கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை எதிரே எழுந்து நிற்கும். அந்த மலையைப் பார்த்துக் கொண்டேதான் நாவல் எழுதுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லிக் கொள்வதுண்டு. உண்மையில் நான் எழுதுவது மலையே தெரியாத பின்கட்டு அறையில், 2004-ஆம் ஆண்டு சேலத்தில் உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டிய ஒரு கம்ப்யூட்டரில். அதற்கு என் மனைவி வைத்திருக்கும் பெயர் 'கிழவன்'. காலையில் பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்து, காப்பி குடித்து, பத்திரிகையும் படித்துவிட்டு வந்தால் கிழவன் கண் விழித்திருப்பான். எனக்கு அவசரம் கிடையாது. அவனுக்கும் கிடையாது. எங்களுக்குள் ஒத்துப் போய்விட்டது.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் ராசிபுரத்திலிருந்து அத்தை டெலிபோனில் கூப்பிட்டாள். மாமா காலமாகி ஒரு வருஷம் நெருங்கிக் கொண்டிருந்தது.

"ஏங்கண்ணு, நம்ம பேரனுக்குக் காது குத்துனமே, அந்தப் படம் உங்கிட்ட இருக்குதா?"

2005-இல் நடந்த காதுகுத்து அது. படம் பிடித்தவர் கொடுத்த தட்டைக் குழந்தைகள் பம்பரமாகச் சுற்றி விளையாடி, அது கீறல் விழுந்து செத்துப் போய் வெகு காலமாயிற்று. ஆனால் அதற்கு முன்பே நான் அதைக் கிழவனுக்குள் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன். இருக்கிறது என்றேன்.

"அதுலதான் உங்க மாமா பேசுவாரு. வேற எதுலயும் அவரு குரல் இல்ல கண்ணு. தலைத்திவசத்துக்குள்ள ஒரு தட்டு போட்டுக் குடு."

கைபேசியில் அனுப்பினால் ஆகாதா என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "அந்தச் சின்னப் பொட்டியில மாமா எறும்பாட்டந் தெரிவாரு" என்று சொல்லிவிட்டாள். அவள் வீட்டில் இருப்பது ஒரு பழைய டிவிடி பிளேயர். பென் டிரைவ் செருகுவதற்கு அதில் துவாரம் கிடையாது. தட்டை வைத்து ஒரு பொத்தானை அழுத்த அத்தைக்குத் தெரியும். அதற்கு மேல் கற்றுக் கொள்ள எழுபத்தெட்டு வயதில் அவளுக்கு இஷ்டமில்லை. என்னைச் சுற்றியுள்ள இளைஞர்களின் மடிக் கணினிகளிலோ தட்டு வைக்கும் இடமே ஒழிந்து போயிற்று. கிழவனிடம்தான் ஒரு டிவிடி ரைட்டர் இருக்கிறது. யாரையாவது கூப்பிட்டு ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறோர் இயந்திரத்தில் மாட்டியிருக்கலாம். மறைப்பானேன், வீம்புதான். இத்தனை நாள் என்னுடன் கிடந்தவன் இந்த ஒரு காரியத்தையும் செய்துவிடுவான் என்று நினைத்தேன்.

வெற்றுத் தட்டு தேடிச் சேலத்துக்குப் போனேன். முன்பெல்லாம் ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைத்த பொருள், இப்போது நாலு கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஐந்தாவது கடையில் பத்துத் தட்டு அடங்கிய ஒரு பொட்டலம் இருந்தது. மேலே பெரிய எழுத்தில் '16 எக்ஸ்' என்று போட்டிருந்தது. எக்ஸ் என்பது வேகம் என்று தெரியும். கிழவனின் ரைட்டரோ 4 எக்ஸ். பெரியதற்குள் சின்னது அடங்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக் கொண்டு வாங்கி வந்துவிட்டேன்.

முதல் தட்டை உள்ளே தள்ளினேன். ஒரு நிமிஷம் முனகிவிட்டு, 'பவர் காலிபரேஷன் எரர்' என்று சொல்லி வெளியே துப்பிவிட்டான். இரண்டாவது தட்டுக்கும் அதே மரியாதை. அவசரப்படுத்தினோம் போலிருக்கிறது என்று எண்ணி, மூன்றாவது தட்டை 1 எக்ஸ் வேகத்தில், மிகமிக நிதானமாக எழுதும்படி வைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மூன்று நிமிஷம் குறைவு. முடிந்தது என்று மணி அடித்தான். தொடக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். அத்தை வீட்டு வாசலும் வாழை மரமும் பளிச்சென்று வந்தன. மறுநாள் காலையிலேயே ராசிபுரம் பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அத்தை பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள். படம் ஓடிற்று. பேரனை மடியில் வைத்தார்கள், ஆசாரி வந்தார், குழந்தை அலறிற்று, எல்லாரும் சிரித்தார்கள். மாமா இன்னும் வரவில்லை. விசேஷ வீட்டுக்காரர் அல்லவா? சமையல் பந்தலிலேயே நின்றிருந்தவர். பந்தி நடக்கும்போதுதான், படத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தில் வருவார். பந்தி வந்தது. இலை போட்டார்கள். ஒரு வெள்ளை வேஷ்டியின் ஓரம் தெரிந்தது. அவ்வளவுதான். திரை முழுவதும் சதுரம் சதுரமாகச் சிதறி அப்படியே நின்றுவிட்டது. மறுபடி போட்டோம். மறுபடியும் அதே இடம்.

"பாவம், அன்னைக்குந்தான் அவருக்கு வேலை ஒழியல" என்றாள் அத்தை, பிளேயரை அணைத்துக் கொண்டே. அதற்குப் பிறகு எனக்கு அந்த வீட்டில் காப்பி இறங்கவில்லை. திவசத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் சேலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் ஓர் இளைஞனிடம் போய் உட்கார்ந்தேன். போகிற வழியில், ஏற்காட்டு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்தின் முகப்பு வளைவைக் கடந்துதான் பஸ் போகிறது. 1935-இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய கம்பெனி. எடுத்த வேகத்திலேயே படத்தை ஓட்டினால்தான் மனிதன் மனிதனாக நடப்பான் என்பது அங்கே வேலை பார்த்த கடைசிச் சிப்பந்திக்கும் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டுக் கிராமபோனிலும் அப்படித்தான். 33 சுற்று ரிக்கார்டை 78-இல் வைத்தால் வித்துவான் அணிலாகிவிடுவார். நாங்கள் சிரித்துவிட்டு முள்ளை எடுத்துச் சரியாக வைப்போம். ரிக்கார்டுக்குப் பெரிய சேதம் வந்துவிடாது. இந்தத் தட்டு அப்படியல்ல. ஒரு தடவை தவறாக எழுதினால் அது குப்பைதான்.

இளைஞன் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது நல்ல தட்டுதானுங்க சார். ஆனா உங்க ரைட்டருக்கு இது யாருன்னே தெரியாது" என்றான்.

அவனுடைய தகப்பனார் சாயப் பட்டறையில் வேலை பார்த்தவராம். அதனால் எனக்குப் புரியும்படி சொல்ல அவனுக்கு வந்தது. அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் வட்டங்களுக்கு நடுவே ஒரு சாயப் பூச்சு இருக்கிறது. ரைட்டரின் சிவப்பு லேசர் ஒளி அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுடுகிறது. சுட்ட இடம், சுடாத இடம் என்ற வித்தியாசந்தான் படமும் பாட்டும். 1 எக்ஸ் வேகத்தில் லேசருக்கு அடியில் தட்டு வினாடிக்கு மூன்றரை மீட்டர் நகர்கிறது. நாம் கொஞ்சம் ஓடுகிற வேகம். 16 எக்ஸ் என்றால் வினாடிக்கு ஐம்பத்தைந்து மீட்டருக்கு மேல். அதாவது மணிக்கு இருநூறு கிலோமீட்டர். உள்ளிருந்து வெளியே சுருள் சுருளாகப் போகும் அந்தப் பாதையை நீட்டிப் பிடித்தால் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்குமாம்! எனக்கு ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் கண்முன் வந்தன.

"இருநூறு கிலோமீட்டர்ல போறப்ப ஒரு புள்ளி மேல வெளிச்சம் நிக்கிற நேரம் ரொம்பக் கம்மிங்க. அந்தக் கம்மி நேரத்துல பளிச்சுனு ஒரு சூடு பட்டாப் புடிச்சுக்கற மாதிரி இந்தச் சாயத்தைப் பக்குவம் பண்ணியிருக்காங்க. அதை நீங்க நின்னு நிதானமாக் காட்டினா, சூடு பக்கத்துலயும் பரவிடும். பட்டு நூலுக்குப் போடற கொதியில பருத்தியைப் போட்டு எடுக்க முடியுங்களா?"

நான் நிதானத்தை ஒரு நற்குணம் என்று நினைத்து ஒரு மணி நேரம் செலவழித்ததுதான் கெடுதல் செய்திருக்கிறது! வேகமாக எழுதினால் கெடும், மெதுவாக எழுதினால் நன்றாக வரும் என்பது பலருடைய அபிப்பிராயம். என்னுடையதும் அதுதான். தட்டும் ரைட்டரும் ஒன்றையொன்று அறிந்திருக்கும் வேகம் ஒன்று உண்டு. அதற்கு மேலே போனாலும் தொல்லை, ரொம்பக் கீழே போனாலும் தொல்லை என்றான் அவன்.

அறிவது என்றால் என்ன? ஒவ்வொரு வெற்றுத் தட்டிலும் அதைச் செய்தவரின் அடையாளம் முன்கூட்டியே பொறித்திருக்கிறது. தட்டு உள்ளே போனதும் ரைட்டர் முதலில் அந்த அடையாளத்தைப் படிக்கிறது. பிறகு தன் நினைவில் உள்ள ஜாபிதாவைப் புரட்டி, 'ஓ, இவனா? இவனுக்கு இவ்வளவு சூடு, இப்படி இப்படித் துடிப்பு' என்று தீர்மானிக்கிறது. தட்டின் ஓர் ஓரத்தில் கொஞ்சம் சுட்டுப் பதமும் பார்த்துக் கொள்கிறது. அந்தப் பதம் பார்ப்பதில் தோற்றபோதுதான் கிழவன் தட்டைத் துப்பியிருக்கிறான். அவனுடைய ஜாபிதா 2004-இல் எழுதியது. அதன் பிறகு பிறந்த தட்டுகள் அவனுக்கு அந்நியர்கள். அந்நியர்களுக்கு ஏதோ பொதுவான ஒரு சூட்டைக் காட்டிப் பார்ப்பான். சில சமயம் பலிக்கும், சில சமயம் பலிக்காது. பலிக்காதபோது முதலில் கெடுவது தட்டின் வெளி ஓரம். நிரம்பிய தட்டில் படத்தின் கடைசிப் பகுதி இருப்பது அங்கேதான். மாமா நின்றது அங்கே.

இதைவிடப் பெரிய ஆபத்தும் இருந்ததாம். 2002, 2003 வாக்கில் 4 எக்ஸ் டிவிடி-ஆர் தட்டுகள் புதிதாக வந்தபோது, பயனியர் கம்பெனியார் தங்களுடைய பழைய ரைட்டர்களில் அவற்றை எழுத முயன்றால் ரைட்டரே நிரந்தரமாகக் கெட்டுவிடலாம் என்று எச்சரித்து, புதிய ஜாபிதாவை வெளியிட்டார்கள். அதே ரைட்டரைத் தன் கம்ப்யூட்டர்களில் வைத்து விற்ற ஆப்பிள் கம்பெனியும் அப்படியே செய்தது. புதிய தட்டு பழைய இயந்திரத்தையே கொன்றுவிடக் கூடும் என்பதைக் கேட்டு எனக்கு வியர்த்துவிட்டது. நான் பத்துத் தட்டு வாங்கியவனாயிற்றே!

"ஜாபிதாவை மாத்திப் பாக்கலாமா தம்பி?"

"மாத்தறப்ப நடுவுல கரண்ட் போனா ரைட்டர் காலிங்க. எதுக்கு வம்பு? பழைய 8 எக்ஸ் தட்டு, டிவிடி-ஆர், எங்கியாவது கெடைக்குதான்னு பாருங்க. பிளஸ் ஆர் வாங்கிடாதீங்க, அத்தை வீட்டுப் பழைய பிளேயர் படிக்குமோ என்னவோ."

எங்கே போய்ப் பார்ப்பது? தட்டு செய்கிறவர்களே ஒருவர் பின் ஒருவராகக் கடையைக் கட்டிவிட்டார்கள். எழுதக் கூடிய சிடியை உலகத்துக்குக் கொடுத்த ஜப்பானின் தையோ யூடன் 2015-இல் நிறுத்திக் கொண்டது. இருபத்தெட்டு ரூபாய்க்கு சினிமா சிடி விற்று நம் வீடுகளையெல்லாம் நிரப்பிய நம் நாட்டு மோசர் பேயர் 2018-இல் கலைப்புக்குப் போயிற்று. 2025 பிப்ரவரியில் சோனி கூட எழுதக் கூடிய புளூ-ரே தட்டு செய்வதை விட்டுவிட்டது. இந்த லட்சணத்தில் நான் பழைய தட்டுக்கு அலைகிறேன்.

கடைசியில் கல்யாண வீடியோ எடுத்துக் கொண்டிருந்து, ஸ்டூடியோவை மூடிவிட்ட ஒரு முதியவர் நினைவுக்கு வந்தார். பரணிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினார். உள்ளே ஐந்து தட்டுகள், 8 எக்ஸ், டிவிடி-ஆர். "காசு வேண்டாங்க. யாராவது கேட்டு வருவாங்கன்னுதான் வெச்சிருந்தேன்" என்றார். வெயில் படாமல் கறுப்புத் துணியில் சுற்றி வைத்திருந்தார். சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றிரவு மற்ற ஜன்னல்களையெல்லாம் மூடி, கிழவனுக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காமல், 4 எக்ஸ் என்று நானே குறித்துக் கொடுத்தேன். முதல் தட்டு பாதியில் நின்றது. அதன் விளிம்பில் ஏற்கெனவே ஒரு கறை இருந்தது. இரண்டாவது தட்டைக் கிழவன் பார்த்ததுமே எனக்கு வித்தியாசம் தெரிந்தது. அந்தப் பழைய முனகல் இல்லை. பதினைந்து நிமிஷம் ஒரே சீராக ஓடினான். இந்தத் தடவை தொடக்கத்தைப் பார்த்து ஏமாறவில்லை. முழுத் தட்டையும் சரி பார்க்க வைத்து, அதற்கு மேலும் நம்பாமல் கடைசிப் பத்து நிமிஷத்தையும் போட்டுப் பார்த்தேன். பிறகு மூன்றாவது தட்டிலும் ஒன்று எழுதி வைத்துக் கொண்டேன். மீதி இரண்டை அதே கறுப்புத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன்.

திவசத்துக்கு முதல் நாள் ராசிபுரம் போனேன். இந்தத் தடவை அத்தை யாரையும் கூப்பிடவில்லை. நாங்கள் இரண்டு பேர்தான். காது குத்தினார்கள், குழந்தை அழுதது, பந்தி போட்டார்கள், வெள்ளை வேஷ்டி வந்தது. வேஷ்டிக்கு மேலே மாமாவும் வந்தார். கையில் சாம்பார் வாளி. பெரிதாக ஒன்றும் பேசவில்லை. படம் பிடிக்கிறவரைப் பார்த்து, "அந்தப் பொட்டியைக் கீழ வெச்சிட்டு வந்து உக்காருங்க தம்பி, சோறு ஆறுது" என்றார். பின்னால் யாரோ கூப்பிட, "வர்றேன், வர்றேன்" என்று சொல்லிக் கொண்டே நகர்ந்து போய்விட்டார்.

அத்தை புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக் கொண்டு எழுந்தாள்.

"மறுக்கா போடு கண்ணு. நான் போயி இலை எடுத்தாறேன். நீ இன்னும் சாப்பிடலையில்ல?"