டிக்கெட் வாங்காத ரசிகன்

லீக் ஆட்டங்கள் முடிந்ததும் எங்களுக்கு இன்னொரு பருவம் தொடங்கிவிடும். சிலாங்கூர் யாரை விடப்போகிறது, யாரை எடுக்கப்போகிறது என்ற பேச்சுதான். கெர்லிங்கில் ஞாயிறு காலை பசியாற உட்கார்ந்தால், ரொட்டி சானாய் மேசைக்கு வருவதற்குள் நானும் நண்பர்களும் மூன்று பேரை வாங்கி, நான்கு பேரை அனுப்பி, பயிற்றுநரையும் மாற்றியிருப்போம். எங்கள் கையிலிருந்து ஒரு வெள்ளி செலவாகாது.

இந்த முறை அக்காள் மகனும் கூட வந்திருந்தான். பதினேழு வயது. பள்ளி அணியில் இடப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரன். "நடுவுல ஒரு நல்ல வெளிநாட்டுக்காரன் வேணும், தற்காப்புல ரெண்டு பேரு, கோல் அடிக்க இன்னொருத்தன்" என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்:

"மாமா, நீங்க போட்ட லிஸ்டுல என்னைய மாதிரி பையனுக்கு எடமே இல்லையே."

நண்பர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிலாங்கூர் பைத்தியம் எனக்கு அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். எங்கள் லயத்து வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்திலேயே நாளிதழிலிருந்து வெட்டிய ஆர். ஆறுமுகத்தின் படமும் இருக்கும். நீண்ட கைகளால் பந்தைப் பறித்ததால் 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த கோல்காவலர் அவர். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் காவல் நின்றவர், 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தார். அன்று அப்பா சாப்பிடவில்லை என்று அம்மா இன்றும் சொல்வார்.

என் காலத்துக்கும் பெருமைகள் உண்டு. 2009, 2010 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் சிலாங்கூர் சூப்பர் லீக்கை வென்றது. பயிற்றுநர் கே. தேவன். 2010 டிசம்பரில் கே. ராஜகோபால் வழிநடத்திய மலேசியா, இந்தோனேசியாவை வென்று சுசுகி கிண்ணத்தைக் கொண்டுவந்தது. அணித்தலைவர் சஃபிக் ரஹிம். அந்த அணியில் நம் எஸ். குணாளனும் இருந்தார். அவர் சிலாங்கூர் சட்டை போட்டபோது எங்கள் தோட்டமே அவருக்குச் சொந்தம் கொண்டாடியது.

பிறகு சஃபிக் ஜொகூருக்குப் போனார். குணாளனும் போனார். நான் கொதித்தேன். "காசுக்காக ஓடிட்டாங்கப்பா" என்று கத்தினேன். அப்பா வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "நாம எப்படிடா கெர்லிங் வந்தோம்? முந்தின தோட்டத்தைவிட இங்க சம்பளம் கூட. கணக்கு முடிச்சிட்டு வந்தோம். அப்ப நம்மள யாரும் ஓடிட்டாங்கன்னு சொல்லல."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஐரோப்பாவில்கூட 1995 வரை, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனைப் பழைய கிளப் பணம் வாங்காமல் விடாது. போஸ்மன் என்ற பெல்ஜியக்காரர் நீதிமன்றம்வரை போய்த்தான் அந்தக் கட்டை அவிழ்த்தார். உழைப்பவன் நல்ல கூலி தேடிப் போவது தவறே இல்லை. ஆட்டக்காரர்கள்மேல் இருந்த கோபம் எனக்கு அப்போதே போய்விட்டது.

ஆனால் கிளப்புகள் யாரை எடுக்கின்றன என்பது வேறு கணக்கு. 2014 முதல் லீக் பட்டம் ஜொகூரை விட்டு நகரவில்லை. அதை எட்டிப்பிடிக்க மற்ற அணிகள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத் தேடுகின்றன. என்னைப் போன்ற ரசிகர்களும் அதைத்தான் கேட்கிறோம். ஒவ்வொரு வெளிநாட்டு ஆட்டக்காரரும் இறங்கும் இடத்தில் ஓர் உள்ளூர்ப் பையன் உட்கார்ந்து பார்க்கிறான்.

இதற்கு எதிர்த்திசையில் போன ஓர் அணி நம்மிடமே இருந்தது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கமான மீஃபாவின் முயற்சியில் வளர்ந்து, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்கு வந்த அணி அது. சிலாங்கூருக்குக் கிண்ணம் தந்த அதே தேவன் ஒரு காலத்தில் அதற்கும் பயிற்றுநர். பிறகு பி. மணியம் வந்தார். 2021இலும் 2022இலும் ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரர்கூட இல்லாமல், எல்லா இனத்து உள்ளூர் ஆட்டக்காரர்களையும் வைத்தே விளையாடினார்கள். நம் பையன்களுக்கு அங்கே கதவு திறந்திருந்தது.

"தோத்துத்தான் போவாங்க, கீழே எறங்கிடுவாங்க" என்றேன் நான். 2021இல் அவர்கள் இறங்கவில்லை. ஆனால் 2022 பருவம் முடிந்ததும் மலேசிய லீக்கிலிருந்தே விலகிக்கொண்டார்கள். செய்தியைப் படித்ததும் பெரிதாக வருத்தப்பட்டேன். "நமக்குன்னு இருந்த ஒண்ணும் போச்சே" என்று நான்கு பேரிடம் புலம்பினேன்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அணி சூப்பர் லீக்கில் ஆடிய நான்கு பருவங்களில் நான் ஒரே ஒரு முறைதான் கிளானா ஜெயா அரங்கத்துக்குப் போனேன். அதுவும் எதிரணி சிலாங்கூர் என்பதால். நான் போட்டிருந்தது சிவப்புச் சட்டை. கூட வந்த நண்பன் டிக்கெட் வாங்கினான். நமக்கென்று ஓர் அணி வேண்டும் என்று வாய் கேட்டது, கை பாக்கெட்டுக்குள் போகவில்லை. கோறணிக் காலத்தில் அரங்கம் மூடிக்கிடந்தது என்பது பாதிச் சாக்குதான்.

ஸ்பெயினில் அத்லெட்டிக் பில்பாவோ என்றொரு கிளப் இருக்கிறது. பாஸ்க் வட்டாரத்தில் பிறந்தவர்கள் அல்லது அங்கே ஆடி வளர்ந்தவர்கள் மட்டுமே அதில் விளையாட முடியும். அப்படியிருந்தும் முதல் பிரிவிலிருந்து ஒரு தடவைகூட கீழே இறங்கியதில்லை. 2024இல் மன்னர் கிண்ணத்தையும் வென்றது. கொள்கை மட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை. கிளப் உறுப்பினர்களுக்கே சொந்தம். அவர்கள் சந்தா கட்டுகிறார்கள், தோற்றாலும் அரங்கத்தை நிரப்புகிறார்கள். பெரிய கிளப்புகள் தூக்கிக்கொண்டு போகும் ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கும் பணமும் அடுத்த பையன்களை வளர்க்க உதவுகிறது.

சிலாங்கூர் பில்பாவோ ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 33 முறை மலேசியக் கிண்ணம் வென்ற அணிக்கு 2015க்குப் பிறகு அது எட்டவில்லை. எனக்கும் வெற்றி வேண்டும். நல்ல வெளிநாட்டுக்காரர்கள் வரட்டும், நம் பையன்கள் அவர்களோடு பயிற்சி செய்து கற்றுக்கொள்ளட்டும். ஆனால் முதல் பதினொருவரில் இரண்டு இடமாவது இளைஞர் அணியிலிருந்து வருபவனுக்கு இருக்கட்டும். அவன் முதல் ஐந்து ஆட்டங்களில் தடுமாறினால், "தூக்கு அவனை" என்று கத்தும் முதல் ஆள் நானாக இருக்கக்கூடாது. அதுதான் எனக்குக் கஷ்டம்.

சென்ற வாரம் அக்காள் மகன் கேட்டான்: "மாமா, இளைஞர் அணித் தேர்வுக்குப் போகட்டுமா? இல்ல படிப்பைப் பாக்கட்டுமா?"

"ரெண்டும்" என்றேன். "தேர்வுக்கு நான் கூட்டிட்டுப் போறேன். எஸ்பிஎம் பாடத்தையும் விடாத." இடம் கிடைக்கும் என்று அவனுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் முடியாது.

ஷா ஆலாம் அரங்கத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதால் சிலாங்கூர் இப்போது ஆடுவது அதே கிளானா ஜெயா அரங்கத்தில்தான். அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் எடுக்கப்போவதாகச் சொன்னேன், என் காசில். அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

"மூணு எடுங்க மாமா. தாத்தாவையும் கூட்டிட்டுப் போவோம்."